உழைத்துத் தேய்ந்த வண்டிகள்

கலிபோர்னியாவின் மான்டரே வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பழைய கார்களுக்கு ஒரு வாரம் திருவிழா. பெபிள் பீச் கோல்ஃப் மைதானப் புல்வெளியில் 1930களின் புகாட்டிகளும் டியூசன்பர்க்குகளும் மணப்பெண் அலங்காரத்தில் நிற்கும். அதே வாரம், கொஞ்சம் தள்ளி, இன்னொரு கண்காட்சியும் நடக்கிறது. 2009இல் தொடங்கிய அதன் பெயர் கான்கூர் த லெமன்ஸ். ஏமாந்து வாங்கிய ஓட்டை வண்டியை அமெரிக்கர்கள் எலுமிச்சம்பழம் என்பார்கள். அந்தப் பழத்தின் பெயரால் நடக்கும் இந்தக் கூத்தில் மோசமான காருக்குத்தான் பரிசு. நடுவருக்கு லஞ்சம் கொடுக்கலாம். ஒளிவு மறைவு வேண்டியதில்லை. துரு தின்ற வேகா, மரத்தாள் ஒட்டிய பின்டோ, மீன்தொட்டி மாதிரி கண்ணாடி மயமான பேசர் போன்றவை தலைநிமிர்ந்து நிற்கக்கூடிய இடம் அது.

இந்தக் கும்பலில் ஒரு கிளை தனியாகக் கவனிக்கத் தக்கது. 1970களில் அமெரிக்காவில் தயாரான சின்ன ஸ்டேஷன் வேகன்களைத் தேடிப் பிடித்து வளர்ப்பவர்கள். அவர்கள் வளர்க்கும் வண்டி பந்தயத்தில் ஜெயித்ததில்லை. அழகுக்குப் பேர்போனதும் இல்லை. காய்கறி, நாய், குழந்தை, சிமெண்ட் மூட்டை என்று எதை ஏற்றினாலும் முனகாமல் போய்வந்து, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் காயலான் கடைக்குப் போன வண்டி. அதில் ஒன்றை மீட்டு, அதை விற்றால் திரும்பி வராத பணத்தை அதிலேயே கொட்டுகிறார்கள். ஏன்? இதற்குச் சொல்லப்படும் பதில்கள் பல. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எல்லாவற்றிலும் ஒரு ஓட்டையும் இருக்கிறது.

முதலில் வண்டி. ஸ்டேஷன் வேகன் என்றால் கூரை பின்கோடிவரை நீண்ட கார். பின்னிருக்கையை மடித்தால் படுக்கை விரிக்கலாம். பின்கதவைத் தூக்கினால் மூட்டை ஏற்றலாம். ரயிலடியில் இறங்கியவர்களையும் அவர்கள் பெட்டி படுக்கைகளையும் விடுதிக்கு ஏற்றிப்போன மரக்கூண்டு வண்டிதான் இதன் மூதாதை. பெயரும் அங்கிருந்தே வந்தது. 1949இல் பிளிமத் சபர்பன் முழு இரும்புக் கூண்டோடு வந்ததும் மரத்துக்கு வேலை போயிற்று. ஆனால் மரத்தின் கௌரவம் போகவில்லை. மரரேகை அச்சிட்ட வினைல் தாளைக் கதவுகளில் ஒட்டி, கூடுதல் விலைக்கு விற்றார்கள். நாம் மேசைக்குச் சன்மைக்கா ஒட்டுகிற காரியம்தான்; அதை ஓடும் காரின் வெளிப்பக்கத்தில், வெயிலுக்கும் பனிக்கும் நடுவில் செய்தார்கள்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் புறநகரில் வேகன் என்றால் மலை. 1971 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற பெரிய வேகன்களின் பின்பக்கம் சிப்பி போலப் பிரியும். கண்ணாடி கூரைக்குள்ளும் கதவு தரைக்கு அடியிலும் நழுவி மறையும். எடை 2 டன்னுக்கு மேல், நீளம் ஏறத்தாழ 19 அடி. இந்த மலைகளின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் 'காம்பாக்ட்' என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கும். ஏறத்தாழ 15 அடி நீளமுள்ள ஹார்னெட் என்ற கார் அங்கே சின்ன வண்டி. மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் திருப்பினால் தெரியும் அதன் சின்னத்தனம்.

1960களில் ஃபால்கன், வேலியன்ட், செவி டூ என்று சிறு வேகன்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள்; 1970இல் ஃபால்கனும் முடிந்தது. சின்னக் காரில் சின்ன லாபம், அதில் வேகனுக்கென்று தனி அச்சுகள் வேறு எதற்கு என்பது டெட்ராய்ட் கார் நிறுவனங்களின் கணக்கு. அதற்குள் வெளிநாட்டுச் சின்னக் கார்கள் துறைமுகங்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எதிர்த்து நிற்க அவசரம் அவசரமாகச் செய்த கார்களிலிருந்துதான் நம் கதாநாயகர்கள் பிறந்தார்கள்.

செவர்லே வேகா 1970 செப்டம்பரில் கடைக்கு வந்தது. அதன் வேகன் வடிவத்துக்குக் கம்பேக் என்று பெயர். வாலை வெட்டிவிட்டால் காற்று எதிர்ப்பு குறையும் என்று காட்டிய ஜெர்மானியப் பொறியாளர் வுனிபால்ட் கம்மின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. இரண்டே கதவு, பின்னால் ஒற்றைத் தூக்குக் கதவு, நீண்டு இறங்கும் பக்கக் கண்ணாடி. இன்று பார்த்தாலும் அந்தப் பத்தாண்டின் சின்ன வேகன்களில் வரைந்தவன் கை சரியாக ஓடியது இதில்தான் என்பேன். மோட்டார் ட்ரெண்ட் இதழ் 1971ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று வேகாவுக்குப் பட்டம் கட்டியது.

பட்டம் காய்வதற்குள் பிரச்சினைகள் வரிசையில் வந்தன. 2.3 லிட்டர் என்ஜினின் பிளாக் அலுமினியத்தில் வார்த்தது. சிலிண்டருக்குள் இரும்பு உறை கிடையாது. சிலிக்கான் நிறைந்த அந்த உலோகக் கலவையின் மேலேயே பிஸ்டன் ஓட வேண்டும். துணிச்சலான யோசனை. ஆனால் குளிர்விக்கும் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் சூடேறி, பிளாக் நெளிந்து, எண்ணெய் குடிக்கத் தொடங்கும். அதைவிட வேகமாக வேலை செய்தது துரு. முன்பக்க மட்கார்டுகள் ஒன்றிரண்டு பனிக்காலத்திலேயே பொத்தலாகி, நிறுவனம் இலவசமாக மாற்றிக் கொடுக்கும் நிலை வந்தது. ஒஹாயோ மாநிலத்து லார்ட்ஸ்டவுன் ஆலையில் மணிக்கு 100 கார் என்பது இலக்கு. அதாவது ஒரு தொழிலாளிக்கு ஒரு காரோடு 36 விநாடி உறவு. நீள்முடி வளர்த்த இளைஞர்களும் வியட்நாமிலிருந்து திரும்பியவர்களும் நிறைந்த அந்த ஆலை 1972 மார்ச்சில் மூன்று வாரம் வேலைநிறுத்தத்தில் நின்றது. அந்த வேகத்தில் பூட்டப்பட்ட வண்டி எப்படி இருக்கும் என்று வாங்கியவர்கள் கண்டுகொண்டார்கள்.

வேகாவின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி என்ஜினோ வேலைநிறுத்தமோ இல்லை, ரயில் பயணம். செலவைக் குறைக்க வெர்ட்டபேக் என்ற தனி வகை ரயில் பெட்டி செய்தார்கள். வேகாக்களை மூக்கு தரையைப் பார்க்க, வௌவால் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி, செங்குத்தாகக் கட்டி அனுப்புவது. ஒரு பெட்டியில் 30 கார். அப்படித் தொங்கினாலும் எண்ணெய் ஒழுகக்கூடாது என்று என்ஜினுக்குள் தடுப்பு வைத்தார்கள். பேட்டரியின் மூடிகளைப் பின்விளிம்புக்கு நகர்த்தினார்கள். கண்ணாடி கழுவும் நீர்க்குப்பியைச் சாய்த்து அமைத்தார்கள். வண்டி சாலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் செலவிட்ட யோசனையை விட, ரயிலில் எப்படித் தொங்கும் என்பதற்குச் செலவிட்ட யோசனை முழுமையானது. இன்று ஒரு கம்பேக் வைத்திருப்பவர் பானட்டைத் திறந்ததும் முதலில் காட்டுவது அந்தச் சாய்ந்த குப்பியைத்தான் என்றால் வியக்க வேண்டியதில்லை.

ஃபோர்டின் பதில் பின்டோ. எடை 2,000 பவுண்டு தாண்டக்கூடாது, விலை 2,000 டாலர் தாண்டக்கூடாது என்று அந்நிறுவன நிர்வாகி லீ அயகோக்கா கோடு கிழித்தார். 1972இல் வந்த பின்டோ வேகன் விற்பனையில் வேகாவைத் தூக்கிச் சாப்பிட்டது. மரத்தாள் ஒட்டிய ஸ்கொயர் வடிவம் பெரிய வேகன் வாங்க முடியாதவர்களின் ஆசைக்குத் தீனி. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. 1974 மாடலில் மட்டும் பின்டோ வேகன் 2 லட்சத்துக்கு மேல் உருண்டது. இன்று அரிய வண்டி என்று நாம் பேசுவது இதைத்தான். பிறகு அந்த முரணுக்கு வருகிறேன்.

பின்டோ என்றதும் நெருப்பு நினைவுக்கு வரும். பின்னாலிருந்து மோதினால் பெட்ரோல் டாங்க் கிழிந்து தீப்பிடிக்கிறது என்ற குற்றச்சாட்டு 1977இல் மதர் ஜோன்ஸ் இதழில் மார்க் டவி எழுதிய கட்டுரையோடு நாடறிந்த செய்தி ஆனது. 1978 ஜூனில் ஃபோர்டு சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தப் பட்டியலில் வேகன்கள் இல்லை. வேகனின் பின்பக்க அமைப்பு வேறு, டாங்க் வேறு. ஆனால் பெயர் ஒன்றுதானே. ஊரில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் பங்காளி வீட்டுக்கும் அவப்பெயர். பின்டோ வேகனை வெளியே எடுக்கிற எவரும் ஒருமுறையாவது அந்தப் பழைய வெடி நகைச்சுவையைக் கேட்டுச் சிரித்தாக வேண்டும்.

1977இல் ஃபோர்டு இன்னொரு விளையாட்டும் ஆடியது. அப்போது இளைஞர்களிடையே வேனுக்குள் கம்பளம் விரித்து, பக்கத்தில் வட்டக் கண்ணாடி பதித்து, படம் தீட்டி ஓட்டுவது மோகம். பின்டோ வேகனின் பக்கக் கண்ணாடியைத் தகரத்தால் மூடி, கப்பலில் இருப்பதைப் போன்ற குமிழ் ஜன்னல் ஒன்றை வைத்து, பட்டை பட்டையாக வர்ணம் அடித்து, க்ரூசிங் வேகன் என்று ஆலையிலேயே செய்து விற்றார்கள். கலகக்காரனின் சட்டையை ஜவுளிக்கடையில் தைத்து விற்ற மாதிரி. கேலிக்குரிய பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் 1977 எப்படி இருந்தது என்று ஒரு குழந்தைக்குக் காட்ட வேண்டுமென்றால் அருங்காட்சியகத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமான பண்டம் எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது கதாநாயகன் இந்த ஆர்வலர்களின் செல்லப்பிள்ளை. விஸ்கான்சின் மாநிலத்து கெனோஷாவில் கார் செய்த அமெரிக்கன் மோட்டார்ஸ், சுருக்கமாக ஏஎம்சி, டெட்ராய்ட்டின் மூன்று ராட்சசர்களுக்கு நடுவே கையில் காசில்லாமல் பிழைத்த நிறுவனம். அதன் வடிவமைப்புத் தலைவர் ரிச்சர்ட் டீக் பழைய துணியில் புதுச் சட்டை தைப்பதில் மன்னன். ஹார்னெட் என்ற ஒரே காரை வைத்து அவர் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. வாலை நறுக்கினார், கிரெம்லின் ஆயிற்று; அதன் முதல் கோட்டுப்படத்தை விமானத்தில் வாந்தியெடுக்கத் தரும் காகிதப்பையில் வரைந்தார் என்பது பிரசித்தம். கூரையை நீட்டிச் சரித்தார், 1972இல் ஹார்னெட் ஸ்போர்ட்டபவுட் ஆயிற்று. பின்டோவும் வேகாவும் இரண்டு கதவோடு நிற்க, இதற்கு நான்கு கதவு. அந்த அளவில் அமெரிக்காவிலேயே தயாரான நான்கு கதவு வேகன் சில ஆண்டுகளுக்கு வேறு கிடையாது.

அதற்கு குச்சி உடையும் போட்டார்கள். இத்தாலியத் தோல்பை நிறுவனமான குச்சியின் பச்சை சிவப்பு பச்சைப் பட்டை, இருக்கைகளிலும் கதவுகளின் உட்புறத்திலும் ஓடியது; முன்பக்கவாட்டில் குச்சியின் சின்னம். 1972, 1973 ஆகிய இரண்டு மாடல்களில் சேர்த்து ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே செய்தார்கள். லிங்கன் கார்கள் கார்ட்டியே, ஷிவான்ஷி பெயர்களைச் சூடிக்கொண்டது 1976இல்தான், ஏழை முந்திக்கொண்டான். இதே நிறுவனம் 1973இல் கிரெம்லினுக்கு லீவைஸ் ஜீன்ஸ் இருக்கை போட்டது. அசல் டெனிம் தீத்தடுப்பு விதியில் தேறாது என்பதால் ஜீன்ஸ் மாதிரி நெய்த நைலான், மேலே செப்புப் பித்தான். பணமில்லாதவன் பொருளை விற்பதைவிட ஒரு சிரிப்பை விற்பது எளிது என்பது ஏஎம்சிக்குத் தெரிந்திருந்தது.

மற்றவர்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். மெர்க்குரி பாப்கேட் வில்லேஜர் உடை மாற்றிய பின்டோ. போன்டியாக் அஸ்டர் சஃபாரி உடை மாற்றிய வேகா. வேகா 1977இல் செத்த பிறகும் அதன் வேகன் கூண்டு மோன்சா, சன்பேர்ட் என்ற பெயர்களில் 1979 வரை நடமாடியது. 1976இல் வந்த டாட்ஜ் ஆஸ்பனும் பிளிமத் வொலாரேயும் கொஞ்சம் பெரியவை, நன்றாக விற்றவை, அதே அளவுக்கு நன்றாகத் துருப்பிடித்தவை. 1978இன் ஃபோர்டு ஃபேர்மான்ட் இவற்றில் புத்திசாலி. அதனாலேயே அதைப் பற்றிச் சொல்லக் கதை குறைவு. 1977இல் வந்த ஏஎம்சி பேசர் வேகனைப் பலரும் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். சுழல் என்ஜினை நம்பித் தொடங்கி, அது வராமல் போனதால் பழைய ஆறு சிலிண்டர் என்ஜினைத் திணித்துக்கொண்ட கார் அது. வலப்பக்கக் கதவு இடப்பக்கக் கதவைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம், பின்னிருக்கைக்காரர்கள் நடைபாதைப் பக்கம் இறங்கட்டும் என்று. வேகனாக ஆனபிறகு அதன் முட்டை வடிவம் போய்க் கொஞ்சம் சமாதானமான முகம் வந்தது. எனக்கு முட்டைதான் பிடிக்கும்.

இத்தனையும் எங்கே போயின? வேகா எல்லா வடிவங்களிலும் சேர்த்து சுமார் 20 லட்சம், பின்டோ 30 லட்சத்துக்கும் மேல். போனதற்கு முதல் காரணம் உப்பு. பனி உருக அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் சாலையில் உப்பு தூவுவார்கள். அது அடித்தகட்டை அரிக்கும். இரண்டாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது. இவற்றின் உறுப்புகள் வேறு வண்டிகளுக்குத் தேவைப்பட்டன. 1930களின் ஃபோர்டுகளை வேகவண்டியாக மாற்றுபவர்களுக்கு வேகாவின் ஸ்டீயரிங் பெட்டி கச்சிதமாகப் பொருந்தியது. பின்டோவும் அதன் உறவான மஸ்டாங் டூவும் தந்த முன்சக்கர சஸ்பென்ஷனும் அப்படியே. எடை குறைந்த வேகாவுக்குள் பெரிய எட்டு சிலிண்டர் என்ஜினைப் பொருத்திக் கால்மைல் பந்தயத்தில் கிழித்தவர்கள் வேறு. இன்று வேகாவை நேரில் பார்ப்பது அபூர்வம். அதன் ஸ்டீயரிங் பெட்டியோ அதைவிட நாற்பது வயது மூத்த கார்களைத் திருப்பிக்கொண்டிருக்கிறது.

வண்டிகள் போனது ஒரு கதை. வண்டி வகையே போனது இன்னொரு கதை. 1975இல் இயற்றிய எரிசக்திச் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்கள் 1978இல் சராசரியாக கேலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 மைல் தர வேண்டும் என்றது. லாரி வகைக்குத் தனி அளவுகோல், அது தளர்வு. ஸ்டேஷன் வேகன் சட்டத்தின் கண்ணில் கார். 1983 நவம்பரில் கிரைஸ்லர் கொண்டுவந்த மினிவேன் சட்டத்தின் கண்ணில் லாரி. வீட்டு ஜனங்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார இடம், சட்டத்தில் சலுகை. வேகன் எங்கே நிற்கும்? அந்த மினிவேனைக் கொண்டுவந்தபோது கிரைஸ்லரின் தலைமையில் இருந்தவர், ஃபோர்டு 1978இல் வெளியேற்றிய அதே லீ அயகோக்கா.

இனி, கேட்ட கேள்விக்கு வருவோம். ஏன் இந்த மோகம்?

பழைய நினைவு என்பது முதல் பதில். பின்னிருக்கையை மடித்துப்போட்டு, பெல்ட் என்ற பேச்சே இல்லாமல், வேகனின் பின்புறத்தில் உருண்டு விளையாடியபடி ஊர் போன தலைமுறை இன்று அறுபதை நெருங்குகிறது அல்லது தாண்டிவிட்டது. சூடான வினைலும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனையை விலைகொடுத்து வாங்க நினைப்பது இயல்பு. ஆனால் அந்த வாசனையை அறியாத, 1990களில் பிறந்தவர்களும் இந்த வண்டிகளுக்காக மண்டியிட்டுத் துரு சுரண்டுகிறார்கள். அவர்களுக்கு இது யாருடைய நினைவு?

மலிவு என்பது அடுத்த பதில். 1960களின் மஸ்டாங்கையோ கமாரோவையோ நினைத்துப்பார்க்க முடியாதவன் வேகனுக்கு வருகிறான் என்பார்கள். வாங்கும்போது உண்மை, வாங்கிய பிறகு பொய். 1965 மஸ்டாங்குக்குக் கூண்டு முழுவதையும் புதிதாக அடித்து விற்கிறார்கள். போனில் சொன்னால் வீட்டுக்கு வரும். ஸ்போர்ட்டபவுட்டின் பின்கதவு ரப்பர் பட்டைக்கு அப்படி ஒரு கடை கிடையாது. என்ஜின் பற்றிக் கவலையில்லை என்பது இதிலுள்ள வேடிக்கை. ஏஎம்சியின் ஆறு சிலிண்டர் குடும்பம் 1964இல் பிறந்து, ஜீப்புகளில் 2006 வரை ஓடியது. பின்டோவின் 2.3 லிட்டர் என்ஜின் ஃபோர்டின் ரேஞ்சர் பிக்கப்பில் 1990களிலும் இருந்தது. ஆக, என்ஜினின் கேஸ்கட் கடையில் கிடைக்கும். வேகனை வேகனாக்கும் பகுதி, அதாவது பின்பக்கக் கண்ணாடி, வால்விளக்கு, தூக்குக் கதவின் கீல், மரத்தாளின் விளிம்புப் பட்டை, இதெல்லாம் அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்தின் காயலான் கடையில் இன்னொரு வேகன் செத்துக் கிடந்தால்தான் கிடைக்கும். டிங்கரிங் செய்து பட்டி பார்த்து வர்ணம் அடித்து முடிக்கும்போது செலவு வண்டியின் விலையைத் தாண்டிப் போயிருக்கும்.

கேலி என்பது மூன்றாவது பதில். மோசமானதைக் கொண்டாடும் குறும்பு. எலுமிச்சைக் கண்காட்சியும், 2006இல் தொடங்கி 500 டாலர் வண்டிகளை வைத்து நடத்தும் லெமன்ஸ் 24 மணி நேரப் பந்தயமும் இந்தக் குறும்பின் பிள்ளைகள். ஒரு மாலைப்பொழுதுக்கு அது போதும். கார்பரேட்டரைப் பிரித்து உட்கார்ந்த ஏழாவது ஞாயிற்றுக்கிழமையில் எந்தக் கேலியும் மிஞ்சாது. கேலியாக வாங்கியவர்கள் விற்றுவிடுகிறார்கள். மிஞ்சுபவர்களுக்கு வேறு ஏதோ இருக்கிறது.

அபூர்வம் என்பதையும் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் அபூர்வம் மட்டும் யாரையும் இழுக்காது. 1970களின் துணி துவைக்கும் இயந்திரமும் இன்று அபூர்வம்தான். எளிமையான பொறி என்ற காரணம் இதைவிட வலுவானது. பானட்டைத் திறந்தால் தரை தெரிகிற அளவுக்கு இடம், கணினி இல்லை, ஒரு ஸ்பானர் செட்டும் பொறுமையும் போதும். மாசுச் சட்டமும் இங்கே மறைமுகமாகக் கையை நீட்டுகிறது. கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டு மாடல் வரையிலான கார்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. 1976 முதல் உண்டு. ஆக 1974 பின்டோ வேகனைப் பரிசோதனைக் கவலையின்றி ஓட்டலாம். 1977இன் க்ரூசிங் வேகன் தன் பழைய புகைக்குழாய் உபகரணங்கள் அத்தனையையும் மாட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போய் நிற்க வேண்டும். 1973இல் முன்பக்கத்துக்கும் 1974இல் பின்பக்கத்துக்கும் வந்த மோதல் விதிகளால் பம்பர்கள் தடித்துப் போனதையும் சேர்த்தால், ஆர்வலர்கள் ஏன் 1972 மாடல் என்றதும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள் என்பது விளங்கும். ரசனை என்று நாம் நினைப்பதில் பாதி அரசிதழில் இருக்கிறது.

என் பார்வையில் இந்தப் பதில்கள் எல்லாம் சுற்றி வருகிற மையம் வேறு. இந்த வண்டிகள் அழிந்தது தோற்றதால் மட்டும் இல்லை, பயன்பட்டதால். ஸ்போர்ட்ஸ் காரை ஞாயிற்றுக்கிழமை எடுப்பார்கள், மழையில் விடமாட்டார்கள், பேரனுக்கு எழுதி வைப்பார்கள். வேகனை முதல் சொந்தக்காரர் ஐந்து வருடம் ஓட்டி, கல்லூரி போகும் மகனுக்குக் கொடுப்பார். அவன் ஓட்டிக் கிழித்து, வர்ணம் அடிப்பவருக்கோ வாத்தியக் குழுவுக்கோ விற்பான். அங்கே ஏணியும் முரசும் ஏற்றி, கீல் தேய்ந்து, தரை பொத்தலாகி, கடைசியில் எடைக்குப் போகும். எந்தப் படியிலும் யாருக்கும் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றாது. ஒரே வருடத்தில் 2 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி அபூர்வம் ஆனது இப்படித்தான். வீட்டில் பாட்டியின் பட்டுப்புடவை இருக்கும். அவள் தினமும் அடுப்படியில் கட்டிய நூல்சேலை ஒன்றாவது இருக்கிறதா?

இதிலிருந்து ஆர்வலர்களுக்குச் சங்கடமான ஒரு முடிவு பிறக்கிறது. புல்வெளியில் பளபளவென்று நிற்கும் வேகன், பெரும்பாலும், வேகன் வேலையே செய்யாத வேகன். வயதான ஒருவர் தேவாலயத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டி, மற்ற நேரம் போர்வை போட்டு மூடி வைத்திருந்த வண்டி. குச்சி முத்திரை இருந்ததால் எவரோ பத்திரப்படுத்திய ஸ்போர்ட்டபவுட். அவை அந்தக் காலத்தின் சாட்சி என்று பேசுகிறோம். ஆனால் தன் காலத்தில் அதிகம் வாழாமல் ஒதுங்கியிருந்த சாட்சிகள் அவை. முத்திரையும் மரத்தாளும் இல்லாத, பழுப்பு நிறத்துச் சாதாரண ஆறு சிலிண்டர் ஹார்னெட்தான் எண்ணிக்கையில் நிறைந்திருந்தது. தேடுபவர்களைக் கேட்டால் அதைத்தான் ஏக்கத்தோடு சொல்வார்கள்.

இந்த நியாயம் புரிந்தவர்கள் ஆர்வலர்களில் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி, ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்த ஸ்டிக்கரைக்கூட மாற்றக் கூடாது என்னும். மற்றது, வேகனில் மரப்பலகை ஏற்றவில்லை என்றால் அதை வைத்திருப்பதற்கே அர்த்தமில்லை என்னும். முதல் கட்சிக்காரர் இல்லாவிட்டால் சரியான ஒரு மாதிரிகூட மிஞ்சாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு இரண்டாம் கட்சிக்கு. பின்டோவின் பின்புறத்தில் ஈரமண் படிந்த செடித்தொட்டி இருக்கும்போதுதான் அது பின்டோ வேகன்.

இந்தக் கட்சிக்கு ஏஎம்சியின் கடைசிக் காலத்திலேயே ஒரு முன்னோடி இருக்கிறது. 1970இல் ஜீப் நிறுவனத்தை ஏஎம்சி வாங்கியிருந்தது.  புதுக் கார் செய்யப் பணமில்லாத நிலையில், பொறியாளர் ராய் லன் பழைய ஹார்னெட்டின் வழிவந்த கூண்டைத் தூக்கி நிறுத்தி நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்தார். 1980 மாடலாக வந்த அந்த ஈகிள் வேகன் சுமார் எட்டு ஆண்டு ஓடியது. இன்று தெருவெல்லாம் நிறைந்திருக்கும், காரைப் போல ஓடி ஜீப்பைப் போல நிமிர்ந்து நிற்கும் வண்டிகளுக்கு அதைத் தாத்தா என்கிறார்கள் ஆர்வலர்கள். முழுதும் மிகையில்லை. பனி மாநிலங்களில் ஈகிளை இன்னமும் குளிர்காலத்தில் ஓட்டுபவர்கள் உண்டு. துருப்பிடிக்கும் என்று தெரிந்தே ஓட்டுகிறார்கள்.

1987இல் கிரைஸ்லர் ஏஎம்சியை விழுங்கியது. 1988 டிசம்பரோடு கெனோஷாவில் கார் பூட்டும் வேலை நின்றது. மிச்சமிருந்த என்ஜின் ஆலை 2010இல் மூடப்பட்டது. மிச்சிகன் ஏரிக்கரையில் கார் ஆலை இருந்த இடத்தில் இப்போது குடியிருப்புகளும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஏஎம்சி கார்க்காரர்கள் அந்த ஊருக்கு வண்டிகளை ஓட்டிவந்து கூடுவது வழக்கம். ஹார்னெட்டும் பேசரும் ஈகிளும் ஏரிக்காற்றில் வரிசையாக நிற்க, பக்கத்திலேயே ஒரு டிராம் தண்டவாளம் ஓடுகிறது. 1951இல் டொரொன்டோவுக்காகக் கட்டிய பழைய டிராம் வண்டிகளை வாங்கிவந்து, 2000ஆம் ஆண்டு முதல் கெனோஷா நகராட்சி அதில் ஓட்டுகிறது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் சுற்று. கட்டணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம்.